சீனக் குளிசையும் காற்றுப் பம்பும்: விறைப்புக் குறைபாட்டுக்கு எது உதவும், எது ஆளைக் கொல்லும்?

மலையகத்தின் எந்த நகரத்து பஸ் நிலையத்தில் சற்று நேரம் நின்றாலும் ஆண்மைக்குறைவுக்கு மருந்து என்று சொல்லும் ஒரு சுவரொட்டியாவது கண்ணில் படும். பண்டாரவளையும் பதுளையும் இதற்கு விலக்கல்ல. இப்போது அந்தச் சுவரொட்டி கைத்தொலைபேசிக்குள்ளும் வந்துவிட்டது. பேஸ்புக் விளம்பரங்களில் இரண்டு பொருட்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, சீன எழுத்துகளோடு புலியோ குதிரையோ போட்ட பெட்டியில் வரும் ‘மூலிகை’க் குளிசை. மற்றது, குழாயும் பம்பும் சேர்ந்த ஒரு கருவி. இரண்டையும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று வெளியே எழுதியிருக்காது. யாரிடமும் வாய் திறக்கத் தேவையில்லை. விற்பனையின் முழுப் பலமும் அந்தக் கடைசி வசதியில்தான் இருக்கிறது.

இந்த இரண்டில், பார்த்தால் சிரிப்பு வரும் அந்தப் பம்புக்குத்தான் மருத்துவ ஆதாரம் உண்டு. மரியாதையாகத் தோன்றும் மூலிகைக் குளிசைதான் ஆட்களைக் கொன்றிருக்கிறது.

ஒரு பெயருக்குள் பல நோய்கள்

‘ஆண்மைக்குறைவு’ என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு விடயங்களைப் போட்டு மூடிவிடுகிறோம். பிள்ளை இல்லாமை, விந்து விரைவில் வெளியேறுதல், ஆசை குறைதல், விறைப்பு ஏற்படாமை எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். காரணங்கள் வேறு, வைத்தியமும் வேறு. விறைப்பு நன்றாக உள்ள ஒருவருக்கு விந்தணு இல்லாமல் இருக்கலாம். விறைப்புச் சரியாக வராத ஒருவர் தகப்பனாகலாம். இங்கே பேசுவது விறைப்பைப் பற்றி மட்டும்: உறவுக்குப் போதிய விறைப்பு வராமல் போவது, அல்லது வந்தும் நிலைக்காமல் போவது, அது மாதக்கணக்கில் தொடர்வது. களைப்பிலோ குடியிலோ ஒருநாள் தவறிப்போவதை வைத்தியர்கள் நோயாகக் கணக்கெடுப்பதில்லை.

1994இல் வெளியான அமெரிக்க மசாசுசெட்ஸ் ஆய்வு, 40 முதல் 70 வயது வரையான ஆண்களில் 52 சதவீதமானோருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. பாதிப் பேருக்கு இருக்கும் ஒன்றை ‘ஆண்மை’யின் குறை என்று அழைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் ஊரில் வழங்கும் சொல் அதுதான்.

விறைப்பு என்பது அடிப்படையில் இரத்த ஓட்டத்தின் வேலை. நரம்பு வழியாகச் செய்தி வருகிறது. நரம்பு முனைகளும் இரத்தக் குழாய்ச் சுவர்களும் நைதரிக் ஒட்சைட் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. குறியினுள் பஞ்சு போன்ற திசுவின் தசைகள் தளர்ந்து இரத்தம் நிறைகிறது. நிறைந்த திசு, இரத்தம் திரும்பிப்போகும் நாளங்களை அழுத்தி மூடுகிறது. இந்த வாயு இரத்தக் குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மார்ச் மாதம்தான் சில்டெனாபில், அதாவது வயகரா, அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த வாயு தொடக்கிவைக்கும் தளர்வை நீடிக்கச் செய்வதே அந்தக் குளிசையின் வேலை. ஆசை இல்லாத இடத்தில் அது ஆசையை உண்டாக்காது.

குறிக்குப் போகும் நாடிகள் 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலமானவை. இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடிகள் 3 முதல் 4 மில்லிமீற்றர். நாடிச் சுவரில் கொழுப்புப் படியத் தொடங்கினால் சிறியது முதலில் அடைபடும். அதனால் பல ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு மாரடைப்புக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே வந்து நிற்கிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகை, மது எல்லாம் இதே குழாய்களையும் நரம்புகளையும்தான் கெடுக்கின்றன. இலங்கையில் நீரிழிவுள்ள ஆண்களிடம் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்தக் குறைபாடு காணப்பட்டது. சிலருக்கு இரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ எடுக்கும் மருந்தே காரணமாக இருக்கும். அப்படியானவர்கள் மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. வைத்தியரிடம் சொன்னால் மாற்று மருந்து உண்டு.

45 வயதான ஒரு தோட்டத் தொழிலாளி இணையத்தில் குளிசை வாங்கிச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தவறவிடுவது ஒரு வைத்திய ஆலோசனையை மட்டுமல்ல. தனக்குச் சீனி இருக்கிறது, இதயக் குழாய் அடைபட்டு வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளக் கிடைத்த முதல் வாய்ப்பையே தவறவிடுகிறார்.

உடலில் தங்கிய போர்

பண்டாரவளை என்றதும் வடக்கு, கிழக்கு வாசகர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதை ஒட்டிய பிந்துனுவெவதான். 2000 ஒக்டோபர் 25 அன்று அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில்தான் ‘லான்செட்’ மருத்துவ இதழ் சிறிய ஆய்வொன்றை வெளியிட்டது. சித்திரவதைக்கு உள்ளானோரைப் பராமரிக்கும் இலண்டன் நிலையம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட 184 இலங்கைத் தமிழ் ஆண்களில் 38 பேர், தடுப்பில் தாங்கள் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகக் கூறியிருந்தார்கள். பிறப்புறுப்பில் தாக்கப்பட்டவர்களும் மின்சாரம் பாய்ச்சப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஐந்தில் ஒருவர். இதைப் பற்றி நம்முடைய ஊடகங்களில் அரசியலாகப் பேசியிருக்கிறோம். அவர்களின் இல்லற வாழ்வு பற்றி அனேகமாகப் பேசவே இல்லை.

காயத்தின் வகையைப் பொறுத்து வைத்தியமும் மாறும். செல் துண்டு முள்ளந்தண்டைத் தாக்கியிருந்தால், தாக்கிய இடம் எது என்பது முக்கியம். இடுப்புக்கு மேலே வடம் பாதிக்கப்பட்ட பலருக்கு, மூளையிலிருந்து செய்தி வராவிட்டாலும் தொடுகையால் தானாக விறைப்பு வரும். அது நிலைக்காததே அவர்களின் சிக்கல். சில்டெனாபில் வகைக் குளிசைகள் இவர்களுக்கு நன்றாக வேலை செய்கின்றன. வடத்தின் அடிநுனியில் காயம் பட்டவர்களுக்கு அந்தத் தன்னியக்கமும் போய்விடும். அவர்களிடம் குளிசையின் பலன் குறைவு, கருவி பயன்படும். மார்பின் நடுப்பகுதிக்கு மேலே காயம் உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். உறவின்போது திடீரென்று தலையிடி, முகம் சிவத்தல், வியர்வை வந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது என்று பொருள். உடனே நிறுத்தி நிமிர்ந்து உட்கார வேண்டும்.

உடற்காயமே இல்லாமலும் வரும். தூக்கமின்மை, திடுக்கிட்டு எழுதல், தொடுகையையே சகிக்க முடியாமை ஆகியவற்றோடு வாழ்பவர்களிடம் விறைப்புக் குறைபாடு அதிகம். காலையில் எழும்போது தானாக விறைப்பு வருகிறதா என்பதை வைத்தியர் கேட்பார். வருகிறது என்றால் நரம்பும் இரத்தக் குழாயும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கின்றன, மனதுக்குத்தான் உதவி தேவை.

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு ஊவாவிலிருந்தும் ஏனைய தோட்டப் பகுதிகளிலிருந்தும் வன்னிக்குப் போய்க் குடியேறி, அங்கே போரில் சிக்கிய குடும்பங்கள் ஏராளம். ஆகவே இவற்றை ‘வடக்கின் பிரச்சினை’ என்று மலையகத்தில் ஒதுக்கிவிடவும் முடியாது.

டயர் வியாபாரியின் கருவி

வெற்றிடப் பம்பு என்ற கருவியைப் பரவலாக்கியவர் வைத்தியர் அல்ல. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டயர் தொழில் செய்த கெடிங்ஸ் ஒஸ்போன் என்பவர். 1960களில் தனக்கு வந்த குறைபாட்டுக்காகத் தானே செய்து, ஆண்டுக்கணக்கில் தானே பயன்படுத்தினார். இந்த யோசனைக்கு ஒட்டோ லெடரர் என்பவர் 1917இலேயே காப்புரிமை பெற்றிருந்தாலும் அது புழக்கத்துக்கு வரவில்லை. ஒஸ்போனின் கருவிக்கு 1982இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. வயகராவுக்குப் 16 ஆண்டுகள் முன்பு.

கருவி எளிமையானது: ஒரு பிளாஸ்டிக் உருளை, காற்றை வெளியே இழுக்கும் கைப்பம்பு அல்லது பற்றரி பம்பு, ஒரு இறப்பர் வளையம். உருளையை அடிவரை பொருத்தி மெதுவாகக் காற்றை எடுக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி இரத்தம் இழுக்கப்படுகிறது. விறைப்பு வந்ததும் வளையத்தை அடியில் நழுவவிட்டு உருளையைக் கழற்றவேண்டும். வளையம் இரத்தத்தைத் திரும்பிப்போக விடாது. நரம்பும் தேவையில்லை, நைதரிக் ஒட்சைட்டும் தேவையில்லை. நீரிழிவால் நரம்பு கெட்டவர், முள்ளந்தண்டுக் காயக்காரர், புரஸ்டேட் சத்திரசிகிச்சை செய்தவர், இதய நோயால் வயகரா எடுக்க முடியாதவர் எல்லோருக்கும் பொருந்துவது அதனால்தான். சரியாகப் பழகிய ஆண்களில் 90 சதவீதம் வரை உறவுக்குப் போதிய விறைப்பைப் பெறுகிறார்கள் என்று ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது.

ஆனால் எல்லோருக்கும் திருப்தி என்று நினைக்க வேண்டாம். குறி குளிர்ந்து, சற்று நீலம் பாய்ந்திருக்கும். அடிப்பகுதி ஆடும். வளையம் இறுக்குவதால் விந்து வெளியேறாமல் போகலாம். சிறு இரத்தப் புள்ளிகள், கன்றல், மரப்பு வரும். கைவிடுபவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள் கைவிடுகிறார்கள். பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரமும், பக்கத்தில் இருக்கும் மனைவியின் சம்மதமும் பொறுமையும் தேவை.

கட்டாயமான விதி ஒன்று உண்டு. வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது. வளையத்தோடு தூங்கிவிட்டால் திசு அழுகும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்களுக்கு வலி எச்சரிக்காது, ஆகவே அலாரம் வைத்துக்கொள்ள வேண்டும். நூல், இறப்பர் பாண்ட், உலோக வளையம் எதுவும் மாற்றாகாது. உலோக வளையத்தைக் கழற்ற முடியாமல் வைத்தியசாலைக்கு ஓடியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் போன்ற மருந்து எடுப்பவர்களும், இரத்தக் கசிவு நோய், அரிவாள்கல நோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

வாங்கும்போது பார்க்கவேண்டியது அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு. மருத்துவக் கருவியில் அது இருக்கும், இழுப்பு ஓர் அளவைத் தாண்டாது. ‘அளவைப் பெருப்பிக்கும்’ என்று ஒன்லைனில் விற்கும் மலிவுப் பம்புகள் பலவற்றில் அது இல்லை. நிரந்தரமாகப் பெருப்பிக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி இந்நாட்டில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் பதிவு செய்வது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பொறுப்பு. விற்பவரிடம் அந்தப் பதிவைக் கேளுங்கள்.

இதெல்லாம் தனியறை உள்ளவர்களுக்கு எழுதப்பட்ட அறிவுரை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் பெற்றோர், பிள்ளைகள், சிலவேளை மகனும் மருமகளும் ஒன்றாகப் படுக்கும் வீட்டில் இந்தக் கருவியை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது? சுவருக்கு அப்பால் இருமினால் இப்பால் கேட்கும். யாராவது விழித்துவிடுவார்களோ என்ற பயமே விறைப்பைக் குலைக்கப் போதும். தோட்டங்களில் இந்தக் குறைபாட்டைப் பற்றிப் பேசும் எவரும் வீட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தனிவீட்டுக் கோரிக்கைக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது, ஆனால் அது எந்த மேடையிலும் ஏறாது.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதிர்வலைச் சிகிச்சை 2010 அளவில் பேசப்படத் தொடங்கியது. இரத்தக் குழாய்க் கோளாறு இலேசாக உள்ளவர்களுக்குச் சிறு பலன் தரலாம். 2018இல் அமெரிக்க சிறுநீரகவியல் சங்கம் அதை இன்னும் ஆராய்ச்சி நிலையில் உள்ளதாகவே வகைப்படுத்தியது. ‘முழுக் குணம்’ என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். உள்ளே பொருத்தும் கருவி, 1973இல் அமெரிக்க வைத்தியர் பிரான்ட்லி ஸ்கொட் அறிமுகப்படுத்திய, நீரை ஏற்றி இறக்கும் வகை, மற்ற எதுவும் பலிக்காதவர்களுக்கான கடைசி வழி. விலை அதிகம். ஒருமுறை பொருத்தினால் இயல்பான விறைப்புக்குத் திரும்ப முடியாது. காந்த இடுப்புப்பட்டி, மின் அதிர்வு ஜட்டி போன்றவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சீன மருத்துவம் எது, சீனப் பெட்டி எது

சீனப் பாரம்பரிய மருத்துவத்தில் இந்த நோய்க்குப் பெயர் ‘யாங்வெய்’. உடலின் சூடும் இயக்கமுமான ‘யாங்’ தளர்ந்துபோவது என்று பொருள் கொள்ளலாம். சிறுநீரகத்தில் யாங் குறைதல், கவலையால் கல்லீரலின் ஓட்டம் தடைப்படுதல், குடி போன்றவற்றால் உடலில் ஈரமும் சூடும் தேங்குதல் என்று காரணங்களைப் பிரிப்பார்கள். அவர்கள் சொல்லும் சிறுநீரகம் நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பு அல்ல, உயிர்ச்சத்து தங்குமிடம் என்ற ஒரு கருத்து. நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, ஆளுக்கு ஆள் வேறு கஷாயம் எழுதுவதே அந்த மரபு. நம் சித்த வைத்தியருக்கு இது புதிதல்ல. 1980களில் சீன வைத்தியசாலைகளில் ‘நான்கே’ என்ற ஆண்கள் பிரிவுகள் தோன்றி வளர்ந்தன. ஆகவே எல்லோருக்கும் ஒரே குளிசை என்று பெட்டியில் வருவது, சீன மருத்துவத்தின் கணக்கிலேயே சீன மருத்துவம் இல்லை.

மூலிகைகளில் பெயர் பெற்றது ‘யின்யாங்ஹுவோ’. அதை மேய்ந்த ஆடுகள் காமம் கொண்டன என்பது கதை. அதிலுள்ள இகாரின் என்ற பொருள், ஆய்வுகூடத்தில் சில்டெனாபில் போன்ற வேலையைச் செய்கிறது, ஆனால் மிகப் பலவீனமாக. மனிதரில் நல்ல பரிசோதனைகள் இல்லை. ஜின்செங்குக்கு ஓரளவு உண்டு. அவற்றைத் தொகுத்த 2021ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பாய்வு, வெற்று மாத்திரையை விட அற்ப வித்தியாசமே இருக்கலாம் என்றது. கடலட்டைக்கும் சீனாவில் ‘கடல் ஜின்செங்’ என்று பெயர். கௌதாரிமுனைப் பண்ணையைச் சுற்றி 2021இல் எழுந்த சர்ச்சையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த விலைக்குப் பின்னால் அது உடலுக்குத் தெம்பு தரும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. சத்துள்ள உணவு அது. விறைப்புக்கு மருந்து என்பதற்கு ஆதாரம் இல்லை.

அக்குபஞ்சர் இலங்கைக்குப் புதிதல்ல. சீனாவில் பயின்று வந்த வைத்தியர் அன்ரன் ஜயசூரிய, 1970களிலிருந்து களுபோவிலவில் உள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் அதை நடத்தினார். நோவுகளுக்கு அது ஆறுதல் தரலாம். விறைப்புக் குறைபாட்டுக்குப் பலன் உண்டென்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே 2009இல் வந்த ஆய்வுத் தொகுப்பின் முடிவு. மனப்பதற்றம் காரணமானவர்களுக்கு அமைதி தந்தால் நல்லதுதான். ஊசி புதியதா என்று மட்டும் பாருங்கள்.

பெட்டியில் வரும் குளிசை பலருக்கு ‘வேலை செய்கிறதே’ என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் மூலிகை அல்ல. சொல்லாமல் கலந்த சில்டெனாபில் அல்லது அதன் உறவுக்காரப் பொருள். 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருந்துக் கலப்படம் கண்டறிந்த 776 ‘இயற்கை’ உற்பத்திகளில் 353 பாலுறவுக்கு என்று விற்கப்பட்டவை. இதய வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையோ வேறு நைத்திரேற் மருந்தோ எடுக்கும் ஒருவர் இதைத் தெரியாமல் விழுங்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிர் போகலாம். ‘மூலிகைதானே’ என்று வைத்தியரிடம் சொல்லவும் மாட்டார்.

சிங்கப்பூரில் நடந்தது இதைவிடக் கொடூரம். 2008 ஜனவரி முதல் மே வரை, நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு விழுந்து ஐந்து அரச வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் ஆண்கள். 7 பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள், அவர்களில் 4 பேர் இறந்தார்கள். விசாரித்தபோது அவர்களில் பலர் பாலுணர்வுக் குளிசை எடுத்தது தெரியவந்தது. ‘பவர் 1 வோல்நட்’ முதலான சீனப் பெயர் தாங்கிய மூலிகைக் குளிசைகளும் போலி சியாலிஸும் அவற்றில் இருந்தன. உள்ளே நீரிழிவுக்குக் கொடுக்கும் கிளிபென்கிளமைட் பெருமளவில் கலந்திருந்தது. மருந்துக் கட்டுப்பாடு இறுக்கமான நாடு என்று பேரெடுத்த சிங்கப்பூரில்தான் இது நடந்தது.

ஊவா வாசகர்களுக்கு இன்னொன்று. பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பகுதியில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருப்பது எல்லோரும் அறிந்தது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் மெலிவதற்காகச் சீன மூலிகை எடுத்த பெண்கள் பலரின் சிறுநீரகம் செயலிழந்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள தவறான மூலிகை கலந்திருந்ததே காரணம். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமான ஒருவர் உள்ளடக்கம் தெரியாத எந்தப் பொடியையும் எடுக்கக்கூடாது. அது சீனத்துப் பொடியானாலும் உள்ளூர்ப் பொடியானாலும் ஒன்றுதான். அமுக்கரா, பூனைக்காலி, நெருஞ்சில் என்று நம் மரபிலும் மருந்துகள் உண்டு. எடுப்பதானால் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவுபெற்ற வைத்தியரிடம், பதிவு இலக்கத்தைக் கேட்டு எடுங்கள்.

இத்தகைய குளிசை எடுத்த ஒருவர் வியர்த்து, நடுங்கி, உளறத் தொடங்கினால் வெறி என்று படுக்க வைத்துவிடாதீர்கள். நினைவு இருந்தால் சீனி கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். 1990க்கு அழையுங்கள். தெளிந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போகவே வேண்டும், ஏனென்றால் அந்த மருந்தின் வேகம் பல மணிநேரம் நின்று சீனியை மீண்டும் இறக்கும். நாலு மணிநேரத்துக்கு மேல் விறைப்பு அடங்காமல் நின்றாலும் அவசர சிகிச்சைதான். தாமதித்தால் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

எங்கே போவது, எப்படிச் சொல்வது

தோட்ட டிஸ்பென்சரியில் இதைச் சொல்ல ஆண்கள் கூசுவதற்குக் காரணம் உண்டு. அங்கே சொன்னது மாலைக்குள் லயத்துக்கு வந்துவிடும் என்ற பயம். அரச வைத்தியசாலைகளோடு சேர்ந்த ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சீனி, இரத்த அழுத்தம், கொழுப்பு இலவசமாகப் பார்ப்பார்கள். காரணம் கேட்க மாட்டார்கள். முதல் படிக்கு அது போதும். பிறகு பண்டாரவளை அல்லது தியத்தலாவை வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலிருந்து பதுளை போதனா வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். முள்ளந்தண்டுக் காயக்காரர்கள் றாகம, திகன புனர்வாழ்வு வைத்தியசாலைகளில் இதையும் கேட்கலாம். அங்குள்ளவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. இதய நோய் இல்லாதவர்களுக்கு வைத்தியர் பெரும்பாலும் சில்டெனாபில் குளிசைக்குத் துண்டு எழுதுவார். பாமசியில் கிடைக்கும் அந்தக் குளிசையில் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அட்டையிலேயே எழுதியிருக்கும். பழைய நினைவுகள் இரவைக் குலைக்கிறவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்குத் தமிழில் பேசலாம்.

மொழி ஒரு பெரிய தடை. வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, நோயாளிக்குச் சிங்களம் போதாது. வழக்கமாக மகனோ மகளோ மொழிபெயர்ப்பார்கள். இந்த விடயத்துக்கு அது நடக்காது. அதனால் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு ஒரு தாளில் முன்கூட்டியே எழுதி எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாதமாக இருக்கிறது, காலையில் தானாக விறைப்பு வருகிறதா, நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உண்டா, என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள், குடி, புகை எவ்வளவு, முதுகிலோ இடுப்பிலோ பழைய காயம் உண்டா. தடுப்பில் நடந்ததை எழுத விரும்பினால் எழுதுங்கள், விரும்பாவிட்டால் ‘பழைய தாக்குதல் காயம்’ என்பதே போதும். சீனக் குளிசை ஏதாவது எடுத்திருந்தால் வெறும் பெட்டியையும் கையோடு கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.